ஐயாயிரம் லிட்டர் கலக்கும் கலனைப் பட்டறையில் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பட்டறைகளுக்கு வரும் விசாரணை பெரும்பாலும் ஒரே வரிதான்: "ஐயாயிரம் லிட்டர் டாங்கி, மிக்ஸரோடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். என்ன விலை?" இந்த ஒரு வரியை நம்பி விலை சொல்லும் பட்டறை, அதே வேலையை இரண்டு முறை செய்யத் தயாராக இருக்க வேண்டும். ஒரு தடவை தன் காசில்.

டாங்கி திரவத்தைத் தேக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கலக்கும் கலனோ ஓர் இயந்திரம். அதன் தலையில் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நீண்ட தண்டு தொங்குகிறது. தண்டின் நுனியில் இறக்கைகள் திரவத்தைத் தள்ளும்போது திரவமும் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் முழுவதையும் மேல்மூடியும் உடலும் கால்களும்தான் வாங்கிக்கொள்கின்றன. எனவே கலக்கியை முதலில் தீர்மானியுங்கள், கலனைப் பிறகு, தகட்டைக் கடைசியில். நம் பட்டறைகளில் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன: கையிருப்புத் தகட்டுக்கு ஏற்ற டாங்கி, டாங்கிக்கு ஏற்ற மிக்ஸர்.

விலை சொல்லும் முன் கேட்க வேண்டியவை

எதைக் கலக்கப் போகிறார்கள்? அதன் அடர்த்தி என்ன, பிசுபிசுப்பு எவ்வளவு, கலக்கக் கலக்க அது இறுகுமா இளகுமா? தூள் சேர்க்கிறார்கள் என்றால் எந்தக் கட்டத்தில்? அதிகபட்ச வெப்பநிலை என்ன? கழுவும்போது எந்த ரசாயனம், எந்தச் சூட்டில்? உள்ளே அழுத்தமோ வெற்றிடமோ உண்டா? கலனை வைக்கும் இடத்தில் கூரை எவ்வளவு உயரம், வாசல் எவ்வளவு அகலம்?

ஒவ்வொரு கேள்வியும் ஏதாவது ஓர் உலோகத் துண்டில் போய் முடிகிறது. கையுறைத் தொழிற்சாலைக்கான லேடெக்ஸ் கலவைக் கலன் என்றால் இறக்கை நுனியின் வேகத்தை அடக்கி வைக்க வேண்டும். வேகமாக அடித்தால் லேடெக்ஸ் திரிந்து கட்டியாகும். அதில் பித்தளை வால்வோ செம்புப் பாகமோ கூடாது. அம்மோனியா பித்தளையை அரிக்கும். செம்பின் சாயல் பட்டாலே ரப்பர் சீக்கிரம் கெடும். மிளகாய் சாஸ் என்றால் உப்பும் புளிக்காடியும் உண்டு. 304 ரகத் தகடு மலிவாகக் கிடைத்தாலும் அதில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்த 316எல் தேவை. "எல்" என்பது கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது என்பதற்கான உறுதி. வெல்டிங் செய்த இடத்தின் ஓரம் பின்னாளில் அரிக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

"தண்ணீர் மாதிரிதான் இருக்கும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், ஒரு போத்தலில் மாதிரி கேட்டு வாங்குங்கள். தண்ணீர் மாதிரி என்று வந்தது தேன் மாதிரி இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

கலக்கியின் கணக்கு

இந்த வழிகாட்டி முழுவதும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 5,000 லிட்டர் வேலைக் கொள்ளளவு, கன மீட்டருக்கு 1,100 கிலோ அடர்த்தி, தண்ணீர்போல் ஓடும் கரைசல், கலன் விட்டம் 1,800 மி.மீ.

ஓடும் திரவத்துக்கு 45 பாகை சாய்ந்த நான்கு இறக்கைகள் கொண்ட கலக்கி நல்ல தொடக்கம். அதன் விட்டம் கலன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருக்கலாம், 600 மி.மீ. என்று வைப்போம். சாஸ், கிரீம் போன்ற கெட்டிப் பொருள்களுக்கு இது உதவாது. சுவரை ஒட்டிச் சுற்றும் நங்கூரக் கலக்கி வேண்டும்.

தேவையான சக்தியைக் கணக்கிட நான்கைப் பெருக்க வேண்டும்: இறக்கையின் சக்தி எண், அடர்த்தி, சுழல் வேகத்தின் மும்மடி, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு. சாய்ந்த நான்கு இறக்கைக்குச் சக்தி எண் சுமார் 1.3. நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் வினாடிக்கு 1.667. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 515 வாட். கியர்பாக்ஸ் இழப்பையும், பொருள் சற்றுக் கெட்டியாக வந்தால் தாங்க வேண்டியதையும் சேர்த்து 1.1 கிலோவாட் மோட்டார் போடலாம். இறக்கை நுனியின் வேகம் வினாடிக்குச் சுமார் 3.1 மீட்டர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். விட்டம் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. "கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்று இறக்கையை 600-லிருந்து 660 மி.மீ. ஆக்கினால் சக்தித் தேவை 61 சதவீதம் கூடிவிடும். வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் 73 சதவீதம் கூடும். மோட்டார் எரிந்தது என்று வரும் புகார்களில் நான் முதலில் அளப்பது இறக்கையைத்தான், மோட்டாரை அல்ல. வேகக் கட்டுப்படுத்தி பொருத்தியிருந்தால், அதன் உச்ச வேகத்தைப் பூட்டி வையுங்கள். ஆபரேட்டர் ஒருநாள் அவசரத்தில் அதைக் கடைசிவரை திருப்பத்தான் போகிறார்.

தண்டின் தடிப்பை முறுக்குவிசை மட்டும் தீர்மானிப்பதில்லை. நுனியில் திரவம் கொடுக்கும் பக்கவாட்டு வளைவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இயங்கும் வேகம், தண்டு இயல்பாக அதிரத் தொடங்கும் வேகத்தின் 70 சதவீதத்துக்குக் கீழே இருப்பது பாதுகாப்பு. தண்டு ஆடுகிறதே என்று அடியில் ஒரு பேரிங் வைப்பது குறுக்குவழி. உணவிலும் லேடெக்ஸிலும் அந்தப் பேரிங் தேய்ந்து துகளைப் பொருளுக்குள்ளேயே விடும். தண்டைத் தடிப்பாக்குவதே மேல்.

தடுப்புப் பட்டைகளை மறந்தால் எல்லாக் கணக்கும் வீண். திரவம் கலக்காமல் கூட்டமாகச் சுற்றும், நடுவில் சுழி விழும். நான்கு பட்டைகள், ஒவ்வொன்றும் கலன் விட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 150 மி.மீ. அகலம். சுவரோடு ஒட்டவைக்காமல் 25 மி.மீ. இடைவெளி விட்டுத் தாங்கிகளில் பொருத்துங்கள். பின்னால் பொருள் தேங்காது. நங்கூரக் கலக்கிக்கு இவை வேண்டாம்.

அளவும் தடிப்பும்

1,800 மி.மீ. விட்டமும் 2,000 மி.மீ. உயரமும் உள்ள உருளையில் 5,090 லிட்டர் பிடிக்கும். அடியிலும் மேலிலும் வழக்கமான டிஷ், அதாவது கிண்ணம்போல் குழிந்த மூடி, வைத்தால், ஒவ்வொன்றிலும் விட்டத்தின் மும்மடியில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 580 லிட்டர் அடங்கும். மொத்தம் 6,250 லிட்டர். ஐயாயிரம் என்பது அதில் 80 சதவீதம். நுரைக்கும் பொருளுக்கு இதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். அடி டிஷ்ஷிலிருந்து அளந்தால் திரவ உயரம் 2.1 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, விட்டத்தின் 1.16 மடங்கு. ஒரே கலக்கியால் சமாளிக்கக்கூடிய எல்லையின் ஓரம் இது. கலன் இன்னும் ஒல்லியாக உயர்ந்தால் அதே தண்டில் இரண்டாவது கலக்கி வேண்டும்.

தடிப்புக்கு வந்தால், இரண்டு மீட்டர் திரவத்தின் அழுத்தத்தைத் தாங்கக் கணக்குப்படி அரை மில்லிமீட்டர் தகடுகூட வேண்டியதில்லை. ஆனாலும் 6 மி.மீ. போடுகிறோம். கலக்கியின் ஆட்டம், ஜாக்கெட்டின் (சூடாக்கவோ குளிர்விக்கவோ கலனைச் சுற்றிப் போடும் வெளியுறையின்) வெளியழுத்தம், உள்ளே எதிர்பாராமல் விழும் வெற்றிடம் ஆகிய மூன்றுமே அதற்குக் காரணம்.

ஜாக்கெட்டைப் பற்றிப் பட்டறைகளில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: "ஜாக்கெட் 3 பார், ஆகவே ஜாக்கெட் தகட்டைத் தடிப்பாகப் போடு." ஜாக்கெட் தகடு உள்ளழுத்தத்தை எளிதில் தாங்கும். நசுங்கப் போவது உள் உடல். நம் அளவில் 6 மி.மீ. உருளை, கணக்குப்படி 2.5 முதல் 3 பார் வெளியழுத்தத்தில் உள்ளே குழிந்துவிடும். மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்தால் 1 பார்கூடத் தேறாது. ஆகவே முழு ஜாக்கெட்டுக்கு 3 பார் நீராவி என்றால் உள் உடலைத் தடிப்பாக்க வேண்டும், அல்லது வளையங்கள் வைக்க வேண்டும், அல்லது ஜாக்கெட்டுக்குப் பதில் உடலைச் சுற்றி ஒட்டும் அரைக்குழாய்ச் சுருளுக்கு மாற வேண்டும். புள்ளி புள்ளியாகக் குழித்து உள் உடலோடு வெல்டிங் செய்த குழிப்புள்ளி ஜாக்கெட்டும் நல்ல தீர்வு. புள்ளிகளே உள் உடலைத் தாங்குகின்றன.

வெற்றிடம் வரும் வழி வேறு. சூடான நீரால் கழுவிய கையோடு குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகும். அதன் பருமன் ஏறத்தாழ 1,600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கலனுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் கலன் உள்ளே சப்பையாகிவிடும். மூச்சுக்குழாயில் வால்வு வைக்காதீர்கள். யார் கேட்டாலும்.

சட்டம்

மூச்சுக்குழாய் திறந்த, ஜாக்கெட் இல்லாத கலன் வேறு. அழுத்தமுள்ள ஜாக்கெட்டோடு வரும் கலன் வேறு. அழுத்தக் கலன் என்று வகைப்படும் கலனுக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷின் வடிவமைப்பு ஒப்புதலும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எல்லாம் வந்துவிட்டது. பழைய படிவத்தை நகலெடுத்து அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். ஒப்புதல் வரும் முன் தகடு வெட்டாதீர்கள். எந்தப் பக்கம் விழுகிறது என்று சந்தேகமானால், விலை சொல்லும் கட்டத்திலேயே துறையிடம் கேட்டுவிடுங்கள்.

தகடு, வெட்டு, உருட்டு

304-உம் 316எல்-உம் கண்ணுக்கு ஒன்றேதான். ஆலைச் சான்றிதழில் உள்ள வார்ப்பு எண்ணும் தகட்டில் அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று இறக்கும்போதே பாருங்கள். வெட்டுவதற்கு முன் அந்த எண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றி எழுதுங்கள். வெட்டிய பிறகு எது எது என்று யாருக்கும் தெரியாது. நிக்கல் விலை ஏறி இறங்குவதால் தகட்டு விலை நிலைக்காது. விலைப்பட்டியலில் செல்லுபடியாகும் நாளைக் குறிப்பிடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டித் தகட்டுக் கடையும் வெட்டும் கடையும் மூடியிருக்கும். தைப்பூசம் அதற்குச் சற்று முன்னோ பின்னோ வரும். ஜனவரி, பிப்ரவரியில் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

உருளைக்கு வெட்ட வேண்டிய நீளத்தை உள்விட்டத்தோடு ஒரு தடிப்பைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 1,806-ஐ 3.1416-ஆல் பெருக்கினால் 5,674 மி.மீ. ஆனால் டிஷ் எப்போதும் வெளியிலிருந்து வாங்குவது, அதன் சுற்றளவு சில மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ வரும். ஆகவே டிஷ் வந்த பிறகு அதன் சுற்றளவை நாடாவால் அளந்து, அதற்குப் பொருந்தும்படி உருளைத் தகட்டை வெட்டுங்கள். முதலில் உருட்டிவிட்டுப் பிறகு டிஷ்ஷைப் பலவந்தமாக இழுத்துப் பொருத்துவது நம் ஊர்க் கெட்ட பழக்கம். இழுத்த இடம் வெல்டிங் ஆனபிறகும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

உருட்டும் இயந்திரத்தில் சாதா இரும்பு உருட்டிய செதில் ஒட்டியிருந்தால் அது ஸ்டெயின்லெஸ் தகட்டில் பதியும். பிறகு அந்த இடத்தில் துரு பூக்கும். உருளைகளைத் துடைத்துத் தாள் சுற்றுங்கள். தகட்டின் இரு ஓரங்களையும் முதலில் வளைத்துக்கொள்ளாவிட்டால், இணையும் இடம் வளைவில்லாமல் தட்டையாக நிற்கும். இரண்டு அடுக்காக உருளை செய்தால் இரண்டின் நெடுக்கு வெல்டிங் கோடுகளும் ஒரே நேரில் வரக்கூடாது. தகட்டுத் தடிப்பின் ஐந்து மடங்காவது விலகியிருக்க வேண்டும்.

வட்டம் எவ்வளவு சரியாக வேண்டும்? அழுத்தக் கலன் விதிகள் விட்டத்தில் 1 சதவீத வேறுபாட்டை, அதாவது நமக்கு 18 மி.மீ. வரை, அனுமதிக்கின்றன. இறக்கைக் கலக்கிக்கு அது போதும். சுவரைச் சுரண்டும் நங்கூரக் கலக்கிக்கு 18 மி.மீ. என்பது பேரழிவு, ஒரு பக்கம் சுரண்டி சுவரைத் தின்னும், மறுபக்கம் பொருள் கருகும்.

வெல்டிங்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதா இரும்பைவிடச் சூட்டில் அதிகம் விரிகிறது; சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். சூடு ஒரே இடத்தில் தேங்கி, தகடு கோணுகிறது. ஆகவே தற்காலிகப் புள்ளி வெல்டிங்கை நெருக்கமாக வையுங்கள். ஒரே பக்கமாக ஓடாமல், எதிரெதிர் இடங்களில் துண்டு துண்டாகப் பின்னோக்கிப் போடுங்கள். அடுத்த ஓட்டம் தொடங்கும் முன் தகடு 150 பாகை செல்சியஸுக்குக் கீழ் ஆறட்டும்.

அடி ஓட்டத்துக்கு டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுக் காப்பில் டங்ஸ்டன் முனையால் செய்வது), பின்புறமும் ஆர்கான் நிரப்பு. 316எல்-க்கு அதே ரகக் கம்பி, 304எல்-க்கு 308எல், சாதா இரும்புக் காலை ஸ்டெயின்லெஸ் பட்டையோடு இணைத்தால் 309எல். பின்புற நிறமே சான்று: வெள்ளியோ வெளிர் வைக்கோல் நிறமோ சரி, நீலமும் கறுப்பும் ஆர்கான் போதவில்லை என்பதற்கான அடையாளம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கான கிரைண்டர் தட்டும் தூரிகையும் தனிப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும்.

உள்ளே இறங்கும் ஆள்

ஆர்கானுக்கு மணமில்லை, நிறமில்லை. காற்றைவிட 1.38 மடங்கு கனம், ஆகவே கலனின் அடியில் தண்ணீர்போலத் தேங்கும். வெல்டர் மேன்ஹோல் வழியாக இறங்கிக் குனிந்து அடி வெல்டிங்கைப் பார்க்கும் அதே இடத்தில். ஆக்சிஜன் குறைந்த காற்றை இழுத்தால் மூச்சுத் திணறும் உணர்வுகூட வராது, நேராக மயக்கம்தான். அவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் விழுவார்.

2010-ஆம் ஆண்டின் குறுகிய இடப் பணி நெறிமுறை சொல்லும் அளவு ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம். இறங்கும் முன் மானியை மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் இறக்கிப் பாருங்கள்; உள்ளே இருக்கும்வரை மானி அவர் சட்டையில் இருக்கட்டும். விசிறிக் குழாயின் வாய் அடிவரை போக வேண்டும். மேன்ஹோலில் விசிறியைச் சும்மா வைப்பது காட்சிக்கு மட்டும். வெளியே பயிற்சி பெற்ற காவல் ஆள் ஒருவர் வேறு வேலையின்றி நிற்க வேண்டும். தேநீருக்குப் போகும்போது டிக் கைப்பிடியை உள்ளே விட்டுப் போகாதீர்கள். கசியும் வால்வு அரைமணி நேரத்தில் அடியை நிரப்பிவிடும். "தம்பி, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு நிமிடத்துக்கும் இதே விதிதான்.

மேல்மூடி

மிக்ஸர் உட்காரும் இடத்துக்கு டிஷ்ஷின் தடிப்பு போதாது. தடித்த பட்டை வைத்து, விலாத் தகடுகளால் சுமையை மூடியின் ஓரம்வரை பரப்புங்கள். பெரிய கலக்கிக்குக் கலனைத் தொடாத தனி உத்திரமே மேல். மிக்ஸரைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடான மிக்ஸர் பிளேஞ்ச்சின் முகத்தை எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே இயந்திரத்தில் சமப்படுத்துங்கள். முன்பே சமப்படுத்தினால் வெல்டிங் சூடு அதைச் சாய்த்துவிடும். முகத்தில் ஒரு பாகை சாய்வு, 1.9 மீட்டர் தண்டின் நுனியில் 33 மி.மீ. விலகலாகத் தெரியும்.

அடி வால்வு கலனின் உட்பரப்போடு சமமாக மூட வேண்டும். பக்கக் குழாய்களின் நீளம் அவற்றின் விட்டத்தின் இருமடங்கைத் தாண்டினால் கழுவும் நீர் அங்கே எட்டாது. எடை மானிகளில் கலனை நிறுத்துவதாக இருந்தால் மூன்று தாங்கிகள் வைப்பது நலம், சுமை தானாகவே பங்காகும். குழாய்களை வளையும் இணைப்பால் சேருங்கள், இல்லையேல் குழாயும் சேர்ந்து எடை காட்டும்.

மெருகும் அமிலமும்

உணவுக் கலனுக்கு உட்பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே. கண்ணாடிபோல் பளபளக்கிறது என்பது அளவீடல்ல. மானி வைத்து அளந்து, இடத்தோடு எழுதி வையுங்கள்.

வெல்டிங் நிறத்தை நீக்கும் பசையில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோபுளோரிக் அமிலமும் இருக்கிறது. இரண்டாவது தோலுக்குள் புகுந்து எலும்புவரை போகும். வலி தாமதமாகத் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பசை டப்பாவைத் திறக்கக் கூடாது. நம் வெயிலில் பசை காய்ந்து ஒட்டிக்கொள்ளும்; நிழலில் செய்யுங்கள். கழுவிய அமிலநீர் அட்டவணையிட்ட கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் உள்ளவரிடமே போக வேண்டும், கால்வாயில் அல்ல. பிறகு கலனைத் திறந்தவெளியில் போட்டு வைக்காதீர்கள். கடற்காற்றும் பக்கத்துக் கிரைண்டரின் இரும்புத் தூளும் சேர்ந்தால் சில வாரத்தில் தேநீர்க் கறைபோல் பழுப்புத் துரு படியும்.

சோதனை

வெல்டிங் கோடுகளுக்குச் சாய ஊடுருவல் சோதனை, விரிசலுக்குள் புகும் சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும். ஜாக்கெட்டுக்கு வடிவமைப்பு அழுத்தத்தின் 1.3 மடங்கு நீரழுத்தம். அந்தச் சோதனை அழுத்தத்தை உள் உடல் தாங்குமா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும். சோதனை நீரில் குளோரைடு 50 பி.பி.எம்.-க்குக் கீழ் இருக்கட்டும். முடிந்ததும் வடித்து உலர்த்துங்கள், தேக்கி வைக்காதீர்கள். உள்ளே கழுவும் நீரைத் தெளிக்கும் தெளிப்புப் பந்து எல்லா இடத்தையும் கழுவுகிறதா என்று பார்க்க ரைபோபிளேவின் கரைசலைப் பூசிக் கழுவி, புற ஊதா விளக்கில் பாருங்கள். ஒளிரும் இடத்தில் தண்ணீர் படவில்லை. பெரும்பாலும் அது கலக்கித் தண்டின் பின்நிழலாக இருக்கும், அப்போது இரண்டாவது பந்து வேண்டும்.

பிறகு 5,000 லிட்டர் தண்ணீர் நிரப்பி மிக்ஸரை ஓட்டுங்கள். வெறும் கலனில் ஓட்டாதீர்கள். மோட்டாரின் ஆம்பியரைக் குறித்து, கணக்கோடு ஒப்பிடுங்கள். தண்ணீர் இலேசானது, ஆகவே நம் கரைசலுக்குச் சக்தி பத்து சதவீதம் கூடும். வடிக்கும்போதும் ஓட்டியே பாருங்கள். திரவமட்டம் இறக்கையைக் கடக்கும் நேரத்தில்தான் தண்டு அதிகம் ஆடும்.

கொண்டு சேர்த்தல்

சாலையில் 2.5 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். நம் கலன் ஜாக்கெட்டோடும் அதற்குள் அடங்கும், ஆனால் நிறுத்திக் கொண்டுபோக முடியாது. படுக்க வைத்து, தண்டைக் கழற்றித் தனியே அனுப்புங்கள். தண்டைத் தொங்கவிட்டபடி படுக்க வைத்தால் வளைந்துவிடும். தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் என்றால் பாலம்தான் வழி: பழைய பாலம், அல்லது பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகும் இரண்டாம் பாலம். ஃபெரி இப்போது லாரிகளை ஏற்றுவதில்லை.

இறக்கும் இடத்தில் அளக்க வேண்டியது வாசலை மட்டுமல்ல. பின்னாளில் தண்டை மேலே உருவி எடுக்க, மூடிக்கு மேல் தண்டு நீளமும் கொக்கி உயரமும் சேர்ந்த இடம் வேண்டும். கூரை தாழ்வாக இருந்தால், தண்டை இடையில் பிளேஞ்ச் வைத்து இரண்டாகச் செய்வதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். தரை, கலன் முழுக்கத் தண்ணீர் நிரம்பிய எடையைத் தாங்க வேண்டும்: 6.25 டன் தண்ணீரும் எஃகின் எடையும். நிறுத்திய பிறகு மட்டத்தைக் கால்களில் பார்க்காமல் மிக்ஸர் பிளேஞ்ச்சில் பாருங்கள். முதல் வாரம் ஓடியதும் மிக்ஸர் போல்ட்டுகளை மீண்டும் முறுக்கிவிட்டு, ஆலைச் சான்றிதழ், வெல்டிங் வரைபடம், சோதனை அறிக்கை, தண்ணீரில் குறித்த ஆம்பியர் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீதித் தொகைக்கான பில்லைக் கொடுங்கள்.